புழு போன பிறகும் நொண்டிய குதிரை: ஒரு வெள்ளைக்கோட்டு நோயின் முழு விவரம்

"புழுவெல்லாம் போயிருச்சுங் டாக்டர், ஆனா இன்னும் காலைத் தாங்குதுங்."

பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் உள்ள ஒரு தென்னந்தோப்பிலிருந்து வந்த அழைப்பு இது. தோப்புக்காரர் தன் பெயரும் ஊரும் வேண்டாம் என்றார், விட்டுவிடுகிறேன். குளம்பின் அடியில் ஓடும் வெள்ளைக் கோட்டில் வந்த நோய், வைத்தியம், இடையில் வந்த சறுக்கல் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுகிறேன். கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. குதிரை வைத்திருப்பவர்களுக்காகத்தான் எழுதுவது. கொங்கு நாட்டில் மாட்டுக் குளம்பைப் பார்த்தே நோய் சொல்லும் ஆட்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். குதிரைக் குளம்பு தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பெண் குதிரை, ஆறு வயது. கத்தியவார் இனச் சாயல். செம்பழுப்பு நிறம், காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அதற்கு முந்தைய ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கியது. வாங்கும்போது என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். சுழி பார்த்திருக்கிறார். காது, பல், கழுத்து எடுப்பு பார்த்திருக்கிறார். ஒரு சுற்று ஓடவிட்டும் பார்த்திருக்கிறார். காலைத் தூக்கி அடியைப் பார்த்தீர்களா என்றால், "அதெல்லாம் ஆருங் பாக்கறாங்க?" என்றார். உண்மைதான். சந்தையில் சுழிக்கு அரை மணி நேரம் வாதாடுகிறவர்கள் குளம்புக்கு அரை நிமிடம் கொடுப்பதில்லை. நாலு காலையும் தூக்கிக் காட்டச் சொன்னால் விற்கிறவர் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி சேதி தெரிந்துவிடும்.

புரட்டாசிக் கடைசியில் வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்க ஆரம்பித்திருக்கிறது. யாரோ தோள்பட்டையில் பிசகு என்றார்கள். எண்ணெய் போட்டு நீவினார்கள். அப்புறம் வலிக்கு ஊசி போடப்பட்டது. ஊசி போட்டால் இரண்டு நாள் நன்றாக நடக்கும், தோப்புக்காரரின் மகன் வண்டியில் பூட்டி ஓட்டுவார், திரும்பவும் நொண்டும். குதிரை நொண்டினால் முதலில் குளம்பைப் பார், அங்கே ஒன்றும் இல்லையென்று ஆன பிறகு மேலே ஏறிப் பார் என்பது எங்களுக்குப் பாலபாடம். முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்புக்குள்ளேயேதான் இருக்கும். இங்கே தோளிலிருந்து கீழே இறங்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்ததும் காலில் நாற்றம், பிறகு புழு. பாச்சை உருண்டையைப் பொடித்து வேப்பெண்ணெயில் குழைத்து அப்பியிருக்கிறார்கள். புழு கொத்துக் கொத்தாய்க் கொட்டியிருக்கிறது. நொண்டல் மட்டும் நின்றபாடில்லை.

அடியைத் தூக்கியபோது

குதிரை நின்ற விதமே பாதியைச் சொன்னது. வலது முன்னங்காலை முன்னால் நீட்டி வைத்து, பாரத்தை மற்ற மூன்று காலில் ஏற்றியிருந்தது. காய்ச்சல் 101.8 டிகிரி ஃபாரன்ஹீட். வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101 வரை இருப்பது இயல்பு, ஆகவே லேசான காய்ச்சல்தான். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 56. சும்மா நிற்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். கூடியிருந்தது வலியால். கணுவின் பின்பக்கம் இரண்டு பக்கமும் விரலை அழுத்தினால் குளம்புக்குப் போகும் ரத்தக்குழாயின் துடிப்பு தட்டுப்படும். நல்ல காலில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் காலில் தேட வேண்டியிருக்கவில்லை, விரலைத் தள்ளிக்கொண்டு துடித்தது. இந்த ஒரு சோதனையைக் குதிரை வைத்திருக்கும் எல்லோரும் பழகிக்கொள்ளலாம். கருவி வேண்டாம், காசும் வேண்டாம்.

காலைத் தூக்கினால் லாடத்தின் விளிம்பு வரைக்கும் சேறும் தென்னை நார்க்கழிவும் கெட்டித்துப் போயிருந்தன. கொக்கியால் நோண்டி எடுத்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. குளம்பின் அடியில், குதிகாலிலிருந்து முன்னோக்கிக் கூம்பி வரும் முக்கோண வடிவில் மெத்தென்ற பகுதி ஒன்று உண்டு. நடு மெத்தை என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு பக்கமும் பள்ளம், நடுவிலும் ஒரு சிறு பள்ளம். மூன்றிலும் கரிய பசை. நடுப் பள்ளம் பிளந்து, கொக்கியின் முனை முழுதும் உள்ளே போனது. போனதும் குதிரை காலைப் பிடுங்கிக்கொண்டது.

டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பிளவின் அடியில் இன்னும் புழு இருந்தது. தலையைச் சதைக்குள் புதைத்து, வால் நுனி மட்டும் மேலே தெரிய, வரிசையாக. வால் பக்கம்தான் அவை மூச்சு விடும் துளை. செத்த சதையைத் தின்னும் சாதாரண ஈப்புழு இப்படிக் குத்திட்டு நிற்பதில்லை. இது உயிருள்ள சதையைத் தின்னும் ஈயின் புழு. அந்த ஈ புண்ணின் ஓரத்தில் நூற்றுக்கு மேல் முட்டையிடும், ஒரே நாளில் பொரிந்துவிடும், ஏறக்குறைய ஒரு வாரம் தின்றுவிட்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும்.

இதோடு நிறுத்தியிருந்தால் 'குளம்பு அழுகல், அதில் புழு' என்று எழுதிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அழுகலும் புழுவும் இருந்தது பின்பாதியில். கவ்வும் இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திப் பார்த்தபோது குதிரை துள்ளியது முன்னால், விரல் நுனிப் பக்கம். அந்த இடத்தைத் தேய்த்துக் கழுவினோம். குளம்பின் வெளிச்சுவரும் அடித்தட்டும் சேரும் இடத்தில் மெல்லிய வெளிர்க்கோடு ஒன்று சுற்றிவரும். வெள்ளைக் கோடு என்பது அதைத்தான். இரண்டையும் ஒட்டிப் பிடித்திருப்பது அது. லாட ஆணி அடிக்க அதுவே எல்லை, ஆணி அதற்கு வெளியே சுவரில்தான் ஏற வேண்டும். இந்தக் குளம்பில் அந்தக் கோடு முன்பக்கம் விரல் நகம் அகலத்துக்கு விரிந்திருந்தது. உள்ளே சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி, சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டினால் உதிருமே அந்த மாதிரி. மழுங்கிய கம்பியை விட்டால் தடையில்லாமல் 4 சென்டிமீட்டர் மேலே ஏறியது. சுத்தியலின் கைப்பிடியால் வெளிச்சுவரைத் தட்டினோம். பக்கவாட்டில் 'டக் டக்' என்று திடமான சத்தம், முன்னால் வந்ததும் 'தொப்' என்றது. கரையான் தின்ற கதவு வெளியே பெயிண்டோடு பளபளவென்று நிற்குமே, அதே கதைதான் இங்கேயும். வெளியிலிருந்து பார்த்தால் குளம்பில் ஒரு கீறல் இல்லை.

அந்தப் பொடியைக் கொஞ்சம் தோண்டியதும் சாம்பல் நிறத்தில் சீழ் கசிந்தது. அரை மணி நேரத்தில் குதிரை காலை முழுதாக ஊன்றிவிட்டது. வலிக்கு உடனடிக் காரணம் அந்தச் சீழ்க்கட்டி. சீழுக்கு வழிவிட்டது வெள்ளைக்கோட்டு நோய். புழு கடைசியாக வந்த விருந்தாளி. நாற்றமும் நெளிவும் புழுவிடம் இருந்ததால் எல்லோரும் அதையே பார்த்தார்கள். வெள்ளைக்கோட்டு நோயில் பெரும்பாலும் நாற்றம் இருக்காது, ரத்தம் வராது, முற்றும் வரை வலியும் தெரியாது. அதுதான் அதன் சூழ்ச்சி.

இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும், வைத்தியம் வேறு வேறு. நடு மெத்தை அழுகல் பாக்டீரியாவின் வேலை. காற்றில்லாத இடத்தில் பெருகும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் அதில் முக்கியமானது. சாணமும் மூத்திரமும் கலந்த சேறு அதற்குச் சொர்க்கம். வெள்ளைக்கோட்டு நோயில் கெரட்டினைத் தின்னும் பூஞ்சைகளும் பாக்டீரியாவும் கூட்டாகச் சேர்கின்றன. ஆனால் இவை நல்ல குளம்பைத் துளைத்து உள்ளே போவதில்லை. முதலில் கோடு ஏதோ ஒரு காரணத்தால் பிரிய வேண்டும். பிரிந்த இடுக்கில்தான் குடியேறும்.

ஏன் பிரிந்தது? லாடத்தைப் பார்த்தபோது விடை கிடைத்தது. மூன்று மாதத்துக்கு மேல் கழற்றாத லாடம். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்ததை வெட்டி, மறுபடி அடிக்க வேண்டியது. வெட்டாததால் முன்பகுதி நீண்டு, அடி எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் நெம்புகோல் வைத்து நெம்பும் வேலை நடந்திருக்கிறது. கொழுத்த கழுத்து வேறு. தீனியில் கொள்ளு தாராளம். மாவுச்சத்து மிகுந்தால் குளம்புக்குள் அழற்சி வந்து (லேமினைட்டிஸ்) அதே கோடு தளரும். ஆகவே படம் எடுக்காமல் கத்தி வைக்க மனம் வரவில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் சுவருக்குள் மேல்நோக்கி ஒரு கறுப்பு நாமம் தெரிந்தது, காற்று நிறைந்த இடைவெளி. குளம்பெலும்பு இடம் மாறாமல் சுவருக்கு இணையாக நின்றிருந்தது. நல்ல காலம். எலும்பு சாய்ந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு விதமாகப் போயிருக்கும்.

முதலில் புழு

புழுவுக்கான வைத்தியம் சுருக்கமானது. டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணித்திரியைப் பிளவுக்குள் திணித்துச் சில நிமிடம் விட்டால் மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே வரும். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டோம். தரையில் தட்டிவிட்டால் மண்ணுக்குள் போய் ஈயாகி அதே குதிரையைத் தேடி வரும். முதல் தடவை கொட்டிய புழுவெல்லாம் கட்டுத்தரை மண்ணிலேயேதான் விழுந்திருந்தது. அதனால் மேல்மண்ணைச் செதுக்கி எரிக்கச் சொன்னேன். டர்பன்டைனையும் அப்படியே விட்டுவிடக்கூடாது, சதையைச் சுடும். உப்பு நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். மாட்டுப் புண்ணுக்கு நம் பக்கம் சீத்தா இலை அரைத்து வைப்பதும், தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்து விடுவதும் பழக்கம். அவை மோசமில்லை. பாச்சை உருண்டை வேண்டாம், அது நஞ்சு, திறந்த புண் வழியாக உடம்பில் ஏறும்.

மிஞ்சிய புழுவுக்கு ஐவர்மெக்டின் வாய்வழியாக. அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். எடை மேடை இல்லாத இடத்தில் நெஞ்சுச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும், அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். இவளுக்குச் சுற்றளவு 160, நீளம் 145. ஏறக்குறைய 312 கிலோ, மருந்து 62 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி அந்த வீட்டு அலமாரியிலேயே இருந்தது, அதையே போட்டால் என்ன என்று கேட்டார்கள். குதிரைத் தசையில் போட்டால் அந்த இடம் அழுகிப்போகும் ஆபத்து உண்டு, வேண்டாம் என்றேன். பக்கத்திலேயே மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் பாட்டிலும் இருந்தது. அது குதிரையின் குடலை நிறுத்திவிடும். மாடும் குதிரையும் ஒரே கூரையில் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டையும் தனியே எடுத்து வைப்பது நல்லது.

தடுப்பூசி போட்ட விவரம் எதுவும் இல்லை. வீட்டு விலங்குகளில் ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் பிடிப்பது குதிரையைத்தான், அதுவும் குளம்பின் ஆழப் புண் அந்தக் கிருமிக்கு ஏற்ற இடம். உடனடிக் காப்புக்கான எதிர்நச்சு ஊசியும் தடுப்பூசியும் வேறு வேறு இடத்தில் போட்டோம். தடுப்பூசியின் இரண்டாம் தவணை ஒரு மாதம் கழித்து, அப்புறம் ஆண்டுக்கு ஒன்று.

சீழ் வடிந்த துளைக்கு முதல் இரண்டு நாள் வெதுவெதுப்பான நீரில் பேதியுப்பு கரைத்து ஊறவைத்தோம். அதற்கு மேல் ஊறவைத்தால் குளம்பு ஊறிப்போய் நோய்க்குத்தான் வசதி. பிறகு பீட்டாடினில் சர்க்கரையைக் கூழ் பதத்துக்குக் குழைத்து நடுப் பிளவில் அடைத்துக் கட்டு. சர்க்கரை ஈரத்தை உறிஞ்சி எடுக்கும், பீட்டாடின் கிருமியைப் பார்த்துக்கொள்ளும். தென்னந்தோப்பில் இதற்கு ஒரு சிக்கல் வந்தது: மறுநாள் காலை கட்டைச் சுற்றிக் கட்டெறும்பு. வீட்டில் பேத்திக்கு வாங்கி வைத்திருந்த டயப்பரை எடுத்துக் குளம்பில் மாட்டி, அட்டைப்பெட்டி ஒட்டும் அகல டேப்பை நாலு சுற்று சுற்றினோம். பெரிய அளவு டயப்பர் இந்தக் குளம்புக்குச் சரியாக அமைந்தது. வாங்கிவந்த எந்தக் கட்டுத்துணியும் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. பென்சிலின் சில நாள், வலி மருந்து சில வேளை. வலி மருந்தை வேண்டுமென்றே குறைத்துக்கொண்டேன், நொண்டல் தெரிந்தால்தான் தேறுவதும் தெரியும்.

வெட்டியது

காய்ச்சல் தணிந்து காலை நன்றாக ஊன்றிய பிறகுதான் லாடக்காரரை வரச்சொன்னோம். காங்கேயம் பக்கம் மாட்டுக்கு லாடம் கட்டிப் பழகியவர், இப்போது குதிரையும் செய்கிறார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. மாட்டுக்குப் பிளந்த குளம்பு, காலுக்கு இரண்டு தகடு, மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கட்டி அடிப்பார்கள். குதிரைக்கு ஒரே வளைவு லாடம், நிற்கவைத்துத்தான் வேலை, காலைத் தன் தொடையிடுக்கில் வாங்கிக்கொள்ள வேண்டும். இவர் கை நிதானமானது. குதிரை தலையை அவர் முதுகில் சாய்த்துக்கொண்டு நின்றது.

வேலை என்னவென்றால், கீழே ஒட்டாமல் நிற்கும் சுவர் முழுவதையும் வெட்டி எடுப்பது. பாதி எடுத்துப் பாதி விட்டால் விட்ட பாதிக்குள் நோய் தொடரும். வெட்டை விரித்துக்கொண்டே போய், சுவர் உள்சதையோடு கெட்டியாக ஒட்டியிருக்கும் இடம் வந்ததும் நிற்க வேண்டும். ரத்தம் வரக்கூடாது. வந்தால் எல்லை தாண்டியாயிற்று. கீழே மூன்று விரல் அகலம், மேலே போகப் போகக் குறுகி, உயரம் 4 சென்டிமீட்டரைத் தாண்டி. உள்ளே பொடி பொடியாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. தோப்புக்காரர் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஏனுங் டாக்டர், பாதிக் குளம்பையே காணமுங்களே! இதுக்கு மருந்து ஊத்தி அடைக்க முடியாதுங்களா?"

முடியாது. இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறார்கள், மயில்துத்தம், ஃபார்மலின், பினாயில், பழைய இன்ஜின் ஆயில், யாரோ பேட்டரி ஆசிட் வரைக்கும் போனதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நல்ல மருந்தும் அந்தப் பொடியைத் தாண்டி நோய் இருக்கும் மேல்முனைக்குப் போய்ச் சேராது. சேர்ந்தாலும் காற்றில்லாத இடுக்கு அப்படியே இருக்கும். ஃபார்மலினும் ஆசிடும் உயிருள்ள பகுதியைச் சுட்டு இன்னொரு புண்ணை உண்டாக்கும். வெட்டித் திறந்துவிட்டால் வெயிலும் காற்றும் பாதி வேலையைச் செய்துவிடும், மருந்து மீதியைச் செய்யும். செத்த குளம்பை வெட்டினால் குதிரைக்கு வலிக்காது, நாம் நகம் வெட்டிக்கொள்வதைப் பார்த்து யாரும் அழுவதில்லை என்று சொன்னதும் கொஞ்சம் ஆறுதலானார். வெட்டிய இடத்தைப் பசை போட்டு மூடி அழகாக்கலாமா என்று மகன் கேட்டார். நோய் போனது உறுதியாகும் வரை மூடவே கூடாது.

முன்சுவர் போன குளம்புக்குத் தாங்கல் வேண்டும். அகலப் பட்டை லாடம், வழக்கத்தைவிடச் சற்றுப் பின்தள்ளி, முன்னால் ஆணியே இல்லாமல், சுவர் திடமாக இருந்த இரு பக்கவாட்டில் மட்டும் அடித்தார். வெட்டிய இடத்தின் மேல்விளிம்புக்கு நேராக அரத்தால் ஒரு மெல்லிய கோடும் இழுத்து வைத்தார். அது என் யோசனை. குளம்பு மேலிருந்து கீழாகத்தான் வளரும், மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர். அந்தக் கோடு தரையை நோக்கி இறங்குவதை வீட்டுக்காரர்களே கண்ணால் பார்க்கலாம். நோயாளிக்கு நம்பிக்கை தேவையில்லை, அதை வைத்திருப்பவருக்குத் தேவை.

தினமும் செய்ய வேண்டியது கம்பி பிரஷால் தேய்ப்பது, உலர்த்துவது. ஒருநாள் விட்டு ஒருநாள் 2 சதவீத டிங்ச்சர் அயோடின், குளம்பின் மேல் மட்டும், மேலே தோலில் படாமல்.

ஈரமும் கொள்ளும்

கட்டுத்தரையைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுதாகாது. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. மெத்தென்று இருக்கிறது, குதிரைக்கும் வசதி என்று ஒரு அடி கனத்துக்குப் பரப்பியிருந்தார்கள். காய்ந்த நார்க்கழிவு நல்ல படுக்கைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செடித்தொட்டிக்கு அதை வாங்குவதே அதற்காகத்தானே. மேலே காய்ந்து தெரியும், ஒரு சாண் தோண்டினால் மூத்திரம் ஊறிக் கிடக்கும். பகலில் குதிரையை அவிழ்த்துவிட்ட இடமோ சொட்டுநீர் ஓடும் தோப்பு. ஆக இருபத்துநாலு மணி நேரமும் ஈரம். நடு மெத்தையில் இயல்பாகவே பாதிக்குப் பாதி நீர்தான், வெளிச்சுவரில் கால்வாசி. அதற்கு மேல் ஊறினால் இளகிப் பிளக்கும்.

எல்லாவற்றையும் அள்ளித் தென்னைக்கே போட்டார்கள். தரையைப் பின்பக்கம் சரிவாக்கி, மூத்திரம் ஓட வாய்க்கால் விட்டு, செம்மண் சரளை கொட்டிக் கெட்டித்தார்கள். மேலே நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த நார்க்கழிவு, ஈரமான இடத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். மணல் போடலாமா என்றார்கள். தீனியைத் தரையில் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றுக்குப் போய் வலி வரும், அதனால் வேண்டாம் என்றேன்.

தீனியில் ஊறவைத்த கொள்ளைப் பாதிக்கும் கீழே குறைத்தோம். குதிரைக்குக் கொள்ளு என்பது நம் ஆட்களிடம் மாற்ற முடியாத நம்பிக்கை. வண்டியில் பூட்டி நாள் முழுக்க ஓட்டிய காலத்தில் அது சரி. வாரத்துக்கு இரண்டு நாள் ஓடிவிட்டு மற்ற நாள் நிழலில் நிற்கும் குதிரைக்கு அதே படி கொள்ளும் தவிடும் போட்டால் கழுத்தில் ஏறும், குளம்பில் இறங்கும். காய்ந்த புல்லை வயிறு நிறையக் கொடுக்கச் சொன்னேன். பயோட்டின் நாளுக்கு 20 மில்லிகிராம், கூடத் துத்தநாகம். பயோட்டின் இருக்கிற குளம்பைத் திருத்தாது, இனி வளரப்போகிற குளம்பைத்தான் நன்றாக்கும். ஆறு மாதமாவது கொடுக்காமல் பலன் கேட்கக்கூடாது.

குளம்பு இறங்கிய மாதங்கள்

நடு மெத்தை மூன்றாம் வாரத்திலேயே காய்ந்து, கரும்பசை போய், இளம் ரப்பர் பதத்துக்கு வந்துவிட்டது. நடையில் குறை இல்லை. இங்கேதான் சறுக்கல். குதிரை நன்றாக நடக்கிறது, குளம்பில் மட்டும் ஒரு ஜன்னல் இருக்கிறது என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு அது குணமான குதிரைதான். தை மாதம், பொங்கலை ஒட்டிக் குதிரை வண்டிப் பந்தயம். மகன் பழக்கத்துக்கு ஓட்டியிருக்கிறார், தேய்ப்பதும் அயோடினும் நின்றுபோயிருக்கின்றன. வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வழியில் தினசரி ஓட்டம். அடுத்து லாடக்காரர் வந்தபோது வெட்டிய இடத்தின் உள்பக்க ஓரத்தில் புதிதாக வெள்ளைப் பொடிக் கீற்று ஒன்று ஒரு விரல் அகலத்துக்கு மேலேறியிருந்தது. அதையும் வெட்டினோம்.

அப்புறம் தோப்புக்காரரின் மனைவி சொன்ன யோசனைதான் குதிரையைக் காப்பாற்றியது. அவருடைய அண்ணனுக்குத் தாராபுரம் பக்கம் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல், கீழே சரளை. மழை குறைந்த காடு, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் தவிர ஈரமே கிடையாது. "எங்கண்ணங் காட்டுல உட்டுட்டா காலு தானாக் காஞ்சுருமுங்" என்றார். மருத்துவத்தில் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. மாசியில் அனுப்பிவிட்டோம். காங்கேயம் மாடுகளோடு மேய்ந்து, நாள் முழுக்க நடந்து, சரளையில் தட்டித் தட்டிக் குளம்பு கெட்டித்தது. நடக்க நடக்கக் குளம்புக்கு ரத்த ஓட்டம் கூடும், வளர்ச்சியும் நன்றாக இருக்கும். ஒரே ஒரு கவலை வெள்வேல் முள். மாலையில் தண்ணி காட்டும்போது நாலு காலையும் தூக்கிப் பார்ப்பது என்று அண்ணன் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். இரண்டு தடவை முள் எடுத்திருக்கிறார், இரண்டும் ஆழம் போகாதவை.

அரத்தால் இழுத்த கோடு மாசியில் குளம்பின் பாதிக்கு வந்திருந்தது. சித்திரைக் கடைசியில் லாடத்துக்கு ஒரு விரல் மேலே. வெட்டிய இடத்தின் மேல்முனையிலிருந்து புதுச்சுவர் இடைவெளி இல்லாமல் இறங்கியது, தட்டினால் எல்லா இடத்திலும் ஒரே சத்தம். ஆனியில் கோடு தரைக்கு வந்து லாடக்காரரின் வெட்டில் போய்விட்டது. ஐப்பசியில் தொடங்கியது ஆனியில் முடிந்தது. முழுக் குளம்பும் முன்பக்கம் புதிதாக வளர ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்பதைப் பார்த்தால் இது நியாயமான கணக்கு. செலவில் பெரிது மருந்து அல்ல, ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்துபோன கூலிதான். தோப்புக்காரர் முன்பு அதைத்தான் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது குதிரை தோப்புக்குத் திரும்பிவிட்டது, தார்ச்சாலையில் காலி வண்டி இழுக்கிறது. பந்தயத்துக்கு இன்னொரு எக்ஸ்ரே பார்த்துவிட்டுத்தான் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். ரணஜன்னித் தடுப்பூசியின் அடுத்த தவணை ஐப்பசியில். இடது முன்னங்குளம்பிலும் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் கொஞ்சம் அகன்று தெரிகிறது, கம்பி இப்போதைக்கு உள்ளே போகவில்லை. அடுத்த லாடத்துக்குக் கழற்றும்போது அங்கேயும் தட்டிப் பார்க்க வேண்டும்.